பிழிந்தால் சாகாதா? கடற்பஞ்சு கேள்வி-பதில்

கடற்பஞ்சு தாவரமா, விலங்கா?

விலங்கு. இனி இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

நரம்பே இல்லாத உயிருக்கு நீர் கலங்கியது எப்படித் தெரிகிறது?

செல்களே உணர்கின்றன. வண்டல் உள்ளே போனால் பல சிற்றினங்கள் உடலுக்குள் நீர் ஓடும் கால்வாய்களை உப்பவைத்து, பிறகு இறுக்கிக் குப்பையை வெளியே தள்ளும். தும்மல்தான், ஆனால் முடிய அரை மணி நேரம் போல ஆகும். சிலிக்கா முட்களாலான எலும்புக்கூடு கொண்ட கண்ணாடிக் கடற்பஞ்சின் கதை வேறு. அதன் செல்கள் நடுவில் தடுப்பின்றி இணைந்திருப்பதால், மின்துடிப்பு உடல் முழுக்க ஓடி நீரோட்டத்தையே நிறுத்திவிடும்.

துணியில் பிழிந்தாலும் கடற்பஞ்சு மறுபடி ஒன்றுசேருமாமே! அப்படியானால் அதற்குச் சாவே இல்லையா?

இந்தப் புளுகு ஓய்வதாக இல்லை. 1907-இல் அமெரிக்க விலங்கியலாளர் வில்சன் மைக்ரோசியோனா என்ற கடற்பஞ்சை மெல்லிய பட்டுத் துணி வழியே கடல்நீரில் பிழிந்தார். பிரிந்த செல்கள் அடித்தரையில் ஊர்ந்து, தொட்டதோடு ஒட்டி, சிறு கட்டிகளாயின. வெளிப்புறத்தில் தட்டைச் செல்கள் தோலாகப் படிந்தன. உள்ளே, நீரை இறைக்கும் காலர் செல்களின் அறைகள் அமைந்தன. கடைசியில் நீர் வெளியேறும் வாய்த்துளை திறந்தது. இது உண்மை, அழகும்கூட. ஆனால் பழைய கடற்பஞ்சு திரும்பி வரவில்லை. ஒன்றைப் பிழிந்ததில் பல குட்டிகள் கிடைத்தன, அவ்வளவுதான். நீரில் கால்சியம் இல்லாவிட்டால் செல்கள் சரியாக ஒட்டுவதே இல்லை. பல சிற்றினங்களில் உருண்டையாகத் திரண்டதோடு காரியம் நின்றுவிடும்: கால்வாயும் கிடையாது, வாய்த்துளையும் கிடையாது. ஆகவே, எந்தச் சிற்றினம் என்று சொல்லாமல் 'கடற்பஞ்சு இப்படிச் செய்யும்' என்று எழுதாதீர்கள். சாவே இல்லாத உயிர் என்றால், 1938-39-இல் கரீபியக் கடலில் பரவிய நோய் குளியல் கடற்பஞ்சுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்தது எப்படி? செல்கள் மறுபடி ஒன்றுசேரும் திறன் வேறு, சாகாவரம் வேறு.

என் தொட்டியில் கடற்பஞ்சு வெளுத்துவிட்டது. என்ன செய்ய?

எந்தச் சிற்றினம்? ஒளி எவ்வளவு, வெப்பம் எவ்வளவு? ஒன்றையும் எழுதாமல் என்னை ஜோசியம் பார்க்கச் சொன்னால் எப்படி? சில சிற்றினங்களின் நிறம் உடன்வாழும், ஒளியில் உணவு தயாரிக்கும் சயனோபாக்டீரியாவால் வருவது. ஒளி குறைந்தால் மங்கும். கழுவுகிறேன் என்று நீரைவிட்டு வெளியே மட்டும் எடுக்காதீர்கள். கால்வாய்களில் காற்று அடைத்துக்கொள்ளும்.

காலர் செல்லுக்கு நீர் இறைப்பது மட்டும்தான் வேலையா?

இல்லை. பாக்டீரியாவைப் பிடித்து விழுங்குவதும் அதுதான். பல சிற்றினங்களில் விந்தணுவாக மாறுவதும் அதுதான். ஹாலிசார்கா செருலியா என்ற சிற்றினத்தில் அது சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. பழைய செல்கள் உதிர்ந்து பிற உயிர்களுக்கு உணவாகின்றன.

ஊன் உண்ணும் கடற்பஞ்சு உண்டா?

உண்டு. மத்தியதரைக் கடலின் ஆழமற்ற குகையொன்றில் வாழும் ஒரு சிற்றினம் இப்படி உண்பதை 1995-இல் அறிவித்தார்கள். அதில் கால்வாயும் இல்லை, காலர் செல்லும் இல்லை. கொக்கி நுண்முட்கள் பதிந்த இழைகளில் இறால் போன்ற சிறு ஓட்டுயிரிகள் சிக்கியதும், செல்கள் இடம்பெயர்ந்து வந்து இரையைப் போர்த்திக்கொள்ளும். வயிறு கிடையாது, ஒவ்வொரு செல்லும் தன் பங்கைத் தானே செரிக்கும்.