வாசகர் கேள்வி – பதில்: நோயுற்ற மரம், சாய்ந்த மரம், சட்டம்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் மரங்களைப் பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: பக்கத்துக் காலி மனையில் நிற்கும் தென்னை எங்கள் ஓட்டுக் கூரையின் பக்கம் சாய்ந்திருக்கிறது. அடித்தண்டில் செம்பழுப்பு நிறத்தில் நீர் வடிந்து காய்ந்திருக்கிறது. அடிமட்டைகள் தண்டோடு ஒட்டித் தொங்குகின்றன. மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார். போனில் சொன்னால் ‘காய்க்கிற மரம், பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார். மாநகராட்சி தலையிடுமா?
– ஒரு வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் தஞ்சாவூர் வாடல் நோய்க்கு உரியவை. 1952-இல் தஞ்சாவூர்ப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. கானோடெர்மா என்னும் பூசணம் வேரையும் அடித்தண்டையும் அழுகச் செய்கிறது. தண்டின் அடியில், தரையை ஒட்டி, மேற்புறம் செம்பழுப்பாகப் பளபளக்கும் தட்டையான காளான் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். வேப்பம்பிண்ணாக்கு வைத்தும் மருந்து ஊற்றியும் மரத்தை மீட்கும் கட்டம் அப்போது கடந்துபோயிருக்கும். மரம் காய்க்கிறது என்பதால் அது உறுதியாக நிற்கிறது என்று ஆகிவிடாது. வேர்கள் பெரும்பகுதி அழுகிய பிறகும் குலை தள்ளும் தென்னைகள் உண்டு.

சட்டத்தைப் பொறுத்தவரை, மரத்துக்கு நோய் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்விதான். அது யார் மீதாவது, எந்தக் கட்டடத்தின் மீதாவது விழக்கூடிய நிலையில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. நம் மாநிலத்தின் உள்ளாட்சிச் சட்டங்களில் இந்த அதிகாரம் புதியதன்று. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டக் காலத்திலிருந்தே, ஒரு மரமோ கிளையோ விழுந்து ஆளுக்கோ கட்டடத்துக்கோ ஆபத்து நேரும் என்று நிர்வாகம் கருதினால், அதைக் கட்டி நிறுத்தவோ கிளை கழிக்கவோ வெட்டவோ உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பலாம். உடனடி ஆபத்து என்றால் அறிவிப்புக்குக் காத்திராமல் நிர்வாகமே செயலில் இறங்கலாம் என்பதுதான் நடைமுறை. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றும் ஒரே சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆகவே உங்கள் மனு மாநகராட்சி ஆணையருக்கு, உங்கள் மண்டல அலுவலகத்தின் வழியாகச் செல்ல வேண்டும். அழகாபுரத்துக்கு அது அஸ்தம்பட்டி மண்டலம்.

மாநகராட்சி மனுவைக் கிடப்பில் போட்டால் அதோடு வழி அடைபட்டுவிடாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் மீதோ வழிப்போக்கர்கள் மீதோ விழக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுத்து நிறுத்தவோ உத்தரவிடும் அதிகாரத்தை நிர்வாக நடுவருக்குக் கொடுக்கிறது. நடைமுறையில் நீங்கள் அணுக வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். அவர் முதலில் பிறப்பிப்பது நிபந்தனை உத்தரவு: இத்தனை நாளுக்குள் அகற்ற வேண்டும், அல்லது ஏன் அகற்றக்கூடாது என்று நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும். உரிமையாளர் வெளியூரில் இருப்பது இதற்குத் தடையாகாது. முறையாகப் பிறப்பிக்கப்பட்ட இந்த உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் எதிர்த்துக் கேட்கவும் முடியாது. பலரும் இந்தப் பிரிவை மறந்துவிட்டு நேரே உரிமையியல் வழக்குப் போட்டு, வாய்தா வாய்தாவாக அலைகிறார்கள்.

மனுவில் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘பக்கத்து வீட்டு மரம் தொல்லையாக இருக்கிறது’ என்று எழுதினால் அது அண்டை வீட்டுச் சண்டையாகவே படிக்கப்படும். மரம் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, அடியிலிருந்து உங்கள் சுவர் எத்தனை அடி தொலைவு, மரத்தின் உயரம் ஏறத்தாழ எவ்வளவு, அந்த அறையில் யார் படுக்கிறார்கள் என்று எழுதுங்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்து மேலெழுந்திருந்தால் அதைத் தனியாகப் படம் எடுத்து இணையுங்கள். வேர் பிடி விடுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. மனைக்காரருக்கும் பதிவு, பட்டுவாடாச் சான்று வசதிகளுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள். பிற்பாடு மரம் விழுந்து இழப்பீடு கேட்க நேர்ந்தால், ஆபத்து அவருக்கு முன்பே தெரியும் என்பதைக் காட்ட அந்தப் பட்டுவாடாச் சான்று உதவும். போனில் சொன்னதை யாரும் மெய்ப்பிக்க முடியாது.

மரம் அகற்றப்படும்போது அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்து எரிக்கச் சொல்லுங்கள். பூசணம் மண்ணில் தங்கி அடுத்த தென்னைக்குப் போகும்.

கேள்வி: எங்கள் தெருவில் உள்ள பெரிய வேப்பமரம் கார்த்திகையில் தீய்ந்ததுபோல் ஆகிவிட்டது. கொழுந்தெல்லாம் கருகித் தொங்குகிறது. ‘பட்டுப்போன மரம்’ என்று தெருவாசிகள் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் கையெழுத்துப் போடலாமா?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: இப்போது போடாதீர்கள். இது பெரும்பாலும் வேம்பின் நுனிக் கருகல் நோய். பூசணத்தாலும், தேயிலைக் கொசு எனப்படும் சாறு உறிஞ்சும் பூச்சியாலும் சேர்ந்து வருவது. மழைக்காலத்தில் தொடங்கி, மார்கழி வரை மரத்தைப் பார்க்கவே முடியாதபடி செய்துவிடும். ஆனால் பெரும்பாலான மரங்கள் மாசி, பங்குனியில் புதுத் தளிர் விட்டுப் பிழைத்துக்கொள்கின்றன. விரல் பருமனுள்ள ஒரு குச்சியின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரத்தில் உயிர் இருக்கிறது. காய்ந்த நுனிகளை மட்டும் கழித்து எரித்துவிட்டுச் சித்திரை வரை பொறுப்பதே சரி.

தெருமரம் தெருவாசிகளின் கையெழுத்தால் விழுவதும் இல்லை. பொது இடத்தில் உள்ள மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வனத்துறை அலுவலர் நேரில் பார்த்துக் கருத்துத் தருவார். வெட்டியே ஆக வேண்டுமென்றால் அதற்கு ஈடாகக் கன்றுகள் நடும் நிபந்தனையும் சேரும். கிளை கழிப்பது வேறு, வெட்டுவது வேறு என்பதை மனு எழுதுகிறவர்கள் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கழித்தாலே ஆபத்து நீங்கும் இடத்தில் வெட்டக் கேட்பது நியாயமில்லை. பல மனுக்களின் உண்மையான காரணம் கடையின் பெயர்ப்பலகை மறைவதுதான் என்பது ஊரறிந்த விஷயம்.

உங்கள் வேம்பின் அடியையும் ஒருமுறை பாருங்கள். சாலை போடும்போது தண்டை ஒட்டியே சிமெண்ட் கலவை ஊற்றப்பட்டிருந்தால் மரத்தின் பாதி நோய் அங்கேதான் இருக்கிறது. தில்லி மரங்கள் தொடர்பாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல், ஒவ்வொரு மரத்தையும் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை நீக்க உத்தரவிட்டது. உங்கள் தெருக்காரர்கள் கையெழுத்து வாங்குவதானால், அதைக் கேட்டு வாங்கட்டும்.

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் இரண்டு, தொழிலாளர் லைன் வீட்டுக்கு மேலே உச்சி காய்ந்து நிற்கின்றன. அடித்தண்டைத் தட்டினால் பொத்தென்று ஓசை வருகிறது. பட்டா நிலம் எங்களுடையதுதானே, வெட்டிவிடலாமா?
– ஒரு தோட்ட உரிமையாளர், ஏற்காடு

பதில்: மலையில் பட்டா இருப்பது மட்டும் போதாது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப் பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட மலைப் பகுதியில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும், வேரோடு பிடுங்கவும், எரித்து அழிக்கவும், அதற்கென அமைந்த குழுவின் எழுத்துவழி முன் அனுமதி வேண்டும். சேலத்திலுள்ள மாவட்ட வன அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அடங்கல், பட்டா நகல், மரத்துக்கு இட்ட எண், மார்பளவு உயரத்தில் எடுத்த சுற்றளவு, படம் ஆகியவை இருந்தால் கோப்பு வேகமாக நகரும். அடிவாரத்து மக்களுக்கு இந்தக் கெடுபிடி மிகையாகத் தோன்றலாம். சரிவில் ஒரு மரம் போனால், அடுத்த மழையில் அதன் கீழுள்ள மண்ணும் கூடவே போகும் என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்து போக்குவரத்து நின்ற நாட்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது மரமன்று, லைன் வீடு. அனுமதி வரும் வரை அதில் ஆட்களைத் தங்கவைக்காதீர்கள். விண்ணப்பத்தின் தலைப்பிலேயே ‘குடியிருப்பின் மேல் விழும் நிலையிலுள்ள மரம்’ என்று குறிப்பிட்டு, அதன் நகலை ஏற்காடு வட்டாட்சியருக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் கொடுங்கள். மேலே சொன்ன 152-ஆம் பிரிவு மலைக்கும் பொருந்தும். காற்றிலும் மழையிலும் மரம் உடனடியாகச் சரியத் தொடங்கினால் தீயணைப்புத் துறையையோ, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணையோ அழையுங்கள்.

அந்த மரத்தைக் கழிக்க ஆள் ஏற்றும் முன் ஒரு எச்சரிக்கை. பொத்தென்று ஓசை தரும் மரத்தின் மேல் கயிறு கட்டி ஏறுவது ஆபத்து. பக்கத்தில் உறுதியாக நிற்கும் இன்னொரு மரத்தில் கயிற்றைக் கட்டி, மேலிருந்து துண்டு துண்டாக இறக்கத் தெரிந்தவர்களை மட்டுமே அமர்த்துங்கள்.

தோட்டத்தில் சந்தன மரம் இருந்தால் அது வேறு கதை. காய்ந்துபோன சந்தனமும் சந்தனமே. ஸ்பைக் நோய் கண்டு இலை சிறுத்துக் குத்துக்குத்தாக நின்றாலும், மரம் பட்டே போனாலும், வனத்துறைக்குத் தெரிவிக்காமல் கை வைக்கக்கூடாது.

வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு கண்ட அராபிகா காபிச் செடிகளுக்கு இந்த அலைச்சல் தேவையில்லை. வண்டு வெளியே பறக்கும் சித்திரை–வைகாசிக்கும் ஐப்பசி–மார்கழிக்கும் முன்பாக, துளை கண்ட செடிகளை அடையாளமிட்டு வேரோடு பிடுங்கி எரித்துவிடுவதுதான் தோட்டக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவருவது. எரிக்காமல் விறகுக்கு அடுக்கி வைத்தால் வண்டு அடுக்கிலிருந்தே வெளியேறிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும்.

கேள்வி: எங்கள் வீட்டு மாமரக் கிளை மின்கம்பியில் உரசுகிறது. மின்வாரியத்தார் வந்து மரத்தையே எடுக்க வேண்டும் என்கிறார்கள். கம்பி வருவதற்கு முன்பே இருந்த மரம் அது.
– ஒரு வாசகர், அம்மாபேட்டை

பதில்: கிளையை நீங்களே தொடாதீர்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே கழிக்கச் செய்யுங்கள். மரத்தையே எடுப்பதற்கு 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 68-ஆம் பிரிவில், நிர்வாக நடுவரிடமோ அரசு குறிப்பிட்ட அதிகாரியிடமோ மின்வாரியம் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. கம்பி இழுக்கும் முன்பே மரம் அங்கே இருந்தது என்றால், உரிமையாளருக்கு நியாயமான இழப்பீடு தரவும் அதே பிரிவு சொல்கிறது. மரத்தின் வயதைக் காட்டப் பழைய குடும்பப் படம், கிரையப் பத்திரத்தில் மரம் குறிக்கப்பட்ட வரி எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: அடுத்த வீட்டு முருங்கைக் கிளை எங்கள் மாடியில் தொங்குகிறது. கம்பளிப்பூச்சி தாங்கவில்லை.
– ஒரு வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: உங்கள் எல்லைக்குள் நீண்ட பகுதியை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, உங்கள் பக்கத்தில் நின்றபடியே வெட்டலாம். அவர்கள் மனைக்குள் இறங்கக்கூடாது. வெட்டிய கிளையும் காயும் அவர்களுடையவை, கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டு வாசலில் நான் நட்டு வளர்த்த தூங்குமூஞ்சி மரம் காற்றில் விழுந்துவிட்டது. மாநகராட்சி ஆட்கள் அறுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். மரம் என்னுடையது இல்லையா?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: தெரு நிலத்தில் யார் நட்டாலும் மரம் உள்ளாட்சிக்கே உரியது, விழுந்த கட்டையை ஏலத்தில் விடும் உரிமையும் அதற்கே உண்டு. புறம்போக்கு நிலத்து மரத்தின் பலனை அனுபவிக்க வருவாய்த் துறை வழங்கும் 2-சி பட்டா வேறு வகையானது. அதுவும் மரத்தை வெட்டும் உரிமையைத் தருவதில்லை. புதிதாக நட நினைத்தால், கன்றை உங்கள் மதிலுக்கு உட்புறம் நடுங்கள். தூங்குமூஞ்சி மட்டும் வேண்டாம். அதன் கிளைகள் காற்றில்லாத நாளிலும் முறிந்து விழும்.