பாசிக்கு மருந்து (கடிதம்)

ஐயா, வணக்கம். புறக்கடை முழுக்க டைல்ஸ் போட்டு, மோட்டார் வைத்த சின்ன நீரூற்றும் தானியம் போட இரண்டு தட்டும் வைத்திருக்கிறேன். தொட்டியில் சீக்கிரமே பாசி பிடித்துவிடுகிறது, வேலைக்கு வரும் அம்மா கழுவ மாட்டேன் என்கிறார். தானியத்துக்கு மாடப்புறாதான் வருகிறது, சிட்டுக்குருவியைக் காணோம். கொசு வருமென்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டை போடுகிறார். பாசிக்கு ஏதாவது மருந்து ஊற்றலாமா?
- ஒரு வாசகி, காட்பாடி

அன்புள்ள அம்மா,

பறவை குடிக்கிற தண்ணீரில் மருந்தா? வேண்டவே வேண்டாம். மோட்டார் ஓடினால் ஓடட்டும். புறாவுக்கு ஒரே வழி, தானியத்தைக் குறைப்பது. காலையில் ஒரு கைப்பிடி கம்போ தினையோ போதும், மிச்சம் கிடந்தால் புறாவோடு எலியும் வரும்.

கழுவுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஆசை உங்களுடையது, தேய்க்கிற கை மட்டும் அந்த அம்மாவுடையதா? பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதிலும் நியாயம் இருக்கிறது. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில்தான் முட்டையை ஒட்டி வைக்கும். நீங்கள் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றினாலும் முட்டை அங்கேயேதான் இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி நனைந்ததும் பொரிக்கும், நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். அதனால் ஊற்றுவது முக்கியமில்லை, தேய்ப்பதுதான் முக்கியம். தேங்காய் நாரை எடுத்து உள்சுவர், விளிம்பு, குழாய் இடுக்கு எல்லாம் வாரம் இரண்டு தடவை அழுத்தித் தேயுங்கள், சோப்பு வேண்டாம். பாசியும் அதிலேயே போகும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், எச்சம் விழுந்த தண்ணீரில் ஒரு பறவையின் நோய் இன்னொன்றுக்குத் தொற்றும். தானியத் தட்டுக்கும் இதே கதைதான்.

சொல்லப்போனால் உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இதையெல்லாம் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். பாலாற்றுப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது, கீழே முள்ளும் குப்பையும். சின்ன வயதில் விரிஞ்சிபுரம் பக்கம் அதே ஆற்றில் ஊற்று தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்புவார்கள். பெண்கள் கரையேறியதும் மைனாவும் தவிட்டுக்குருவியும் இறங்கும். ஊற்றின் ஓரம் சரிவாக இருக்கும், ஈர மணலில் நடந்தபடியே வரும், கால் நனையும், அப்புறம் வயிறு, அப்புறம் ஒரே சிலிர்ப்பு, தண்ணீர் நாலு பக்கமும் தெறிக்கும். மணலை லாரி லாரியாக அள்ளிய பிறகு ஊற்று எங்கே தோண்டுவது? 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது எல்லோரும் பாலத்தில் நின்று செல்பி எடுத்தோம், அதோடு சரி.

ஆற்றில்தான் மண் போயிற்று என்றால் வீட்டிலும் டைல்ஸ் போட்டு மூடிவிட்டு, சிட்டுக்குருவி வரவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்! அது குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சியை. டைல்ஸில் எந்தப் பூச்சி இருக்கும் சொல்லுங்கள். மண்ணில் புரண்டு குளிக்கவும் அதற்கு இடம் வேண்டும். ஒரு மூலையில் நாலு டைல்ஸைப் பெயர்த்தெடுங்கள், ஒரு மருதாணிச் செடி வையுங்கள், மருந்தடிக்காதீர்கள்.

ஏம்மா, தொட்டி எவ்வளவு ஆழம் என்று எழுதவே இல்லையே? இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஒரு பக்கமாகக் கூழாங்கல்லை அடுக்கிச் சரிவாக்குங்கள். வழவழப்பான பீங்கானாக இருந்தால் கால் வழுக்கும், மண் தட்டே மேல். நிழலில் வையுங்கள், கத்திரி வெயிலில் மதியமும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.