கத்தி கிடைத்துவிட்டது, வாக்குமூலம் செல்லுமா?

கேள்வி: ஐயா, நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துப் பொடியன். பொலிஸில் சேர்ந்து, வேலையோடு குற்றவியல் சட்டமும் படிக்கிறேன். வகுப்பில் ஒரு பயிற்சி வழக்கு தந்தார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் சண்டை, ஒருவருக்குக் கத்திக்குத்து. பிடிபட்டவர் பொலிஸ் நிலையத்தில், "நான்தான் குத்துனேன். குத்துன கவ்வாத்துக் கத்திய ஏழாம் நம்பர் மலையில கானுக்குள்ள எல போட்டு மூடி வச்சிருக்கேன். வந்தா காட்டுறேன்" என்கிறார். போய்ப் பார்த்தால் தேயிலைச் செடி வெட்டும் அந்தக் கத்தி, சொன்ன வடிகாலுக்குள்ளேயே இருக்கிறது. பொலிஸிடம் ஒப்புக்கொண்டது செல்லாது என்று ஒரு விரிவுரையாளர் சொல்கிறார். கத்தி கிடைத்ததால் செல்லும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? நாளைக்கு நானே இப்படி ஒரு வாக்குமூலம் எடுக்க நேர்ந்தால் எப்படி எழுதவேண்டும்?

பதில்: தம்பி, இரண்டு பேர் சொன்னதும் பாதிப் பாதி சரி. அவர் சொன்னதில் சில சொற்கள் நீதிமன்றத்துக்குள் போகும், சில வாசலிலேயே நின்றுவிடும். எங்கே வெட்டுவது என்பதுதான் விஷயம்.

முதலில் தடை. நம்முடைய இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். அதன் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அடிக்காமல், மிரட்டாமல், தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தாலும் முடியாது. 26ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொலிஸ் காவலில் இருக்கும்போது யாரிடம் ஒப்புக்கொண்டாலும், பக்கத்தில் நீதவான் இருந்தாலொழிய அது செல்லாது. ஆகவே சந்தேகநபரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன இடத்தில் அவர் கங்காணியைப் பார்த்து, "நான்தான் செஞ்சேன்" என்று அழுதாலும் அதுவும் வெளியேதான்.

கைதுக்கு முன்பே, பொலிஸ் யாரும் இல்லாத இடத்தில் தோட்டத் தலைவரிடம் சொல்லியிருந்தால் கதை வேறு. அப்போது 25, 26 குறுக்கே வராது, 24ஆம் பிரிவைத்தான் பார்க்கவேண்டும். அதிகாரத்தில் உள்ள ஒருவர் குற்றச்சாட்டைப் பற்றி ஆசை காட்டியோ பயமுறுத்தியோ வாங்கிய ஒப்புதலா என்பதே அங்கே கேள்வி. "ஒத்துக்கோ, பொலிசுக்குப் போகாமப் பார்த்துக்கிறேன்" என்று தோட்டத்துத் துரை (முகாமையாளர்) சொல்லியிருந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைச் சும்மா விடமாட்டார். மலைநாட்டில் துரையின் சொல்லுக்கு இன்றும் உள்ள எடையை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்வதும் கஷ்டமில்லை.

இனி 27ஆம் பிரிவு. காவலில் உள்ளவர் தந்த தகவலின் விளைவாக ஒரு விடயம் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தெளிவாகத் தொடர்புள்ள அளவு தகவலை மட்டும் நிரூபிக்கலாம். அது ஒப்புதலாக இருந்தாலும் பரவாயில்லை. இதற்கு இன்றுவரை எல்லோரும் திரும்பிப் போகும் தீர்ப்பு, 1940களில், அன்று மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் தந்த புலுக்குரி கோட்டையா வழக்கு. இந்தியாவிலிருந்து போன கொலை வழக்கு அது. எதிரிகளில் ஒருவர் அடித்ததையும் கொன்றதையும் நீளமாகச் சொல்லி, ஈட்டியையும் தடியையும் ஒரு வைக்கோற்போரில் ஒளித்துவைத்ததாகவும், வந்தால் காட்டுவதாகவும் சொன்னார். ஒளித்ததும் காட்டுவதும் உள்ளே வந்தன. அடித்த கதை முழுவதும் வெளியே போயிற்று.

அந்த அளவுகோலை உங்கள் வழக்கில் வைத்துப் பாருங்கள். "நான்தான் குத்துனேன்" வெளியே. "குத்துன" என்ற சொல்லும் வெளியே. மிஞ்சுவது, "கவ்வாத்துக் கத்திய ஏழாம் நம்பர் மலையில கானுக்குள்ள எல போட்டு மூடி வச்சிருக்கேன். வந்தா காட்டுறேன்." பரீட்சையில் பலர் சறுக்குவது அந்த "குத்துன" என்ற ஒற்றைச் சொல்லில்தான். கத்தியோடு ஒட்டிக்கொண்டு வருவதால் அதையும் சேர்த்து உள்ளே விட்டுவிடுகிறார்கள். கானுக்குள் கத்தி கிடப்பதைக் கண்டுபிடித்தீர்கள். அதால் குத்தியதை நீங்கள் கண்டுபிடிக்கவில்லையே?

இந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை? உங்கள் வகுப்பில் இதை யாராவது அழுத்திச் சொன்னார்களா தெரியாது. கத்தி அந்த இடத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பது மட்டுமே இதனால் நிலைநாட்டப்படுகிறது. அவரே வைத்திருக்கலாம், இன்னொருவர் வைப்பதைப் பார்த்திருக்கலாம், யாரோ சொல்லிக் கேட்டிருக்கலாம். ஏழாம் நம்பர் மலை பூட்டிய அலுமாரி அல்ல. கொழுந்து எடுப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், கான் வெட்டுபவர்கள் என்று நாள் முழுக்க ஆள் நடமாடும் இடம். போதாததற்கு, கவ்வாத்துக் கத்தி இல்லாத லயம் ஏது? அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை, காயத்தைப் பற்றிச் சட்ட வைத்திய அதிகாரி சொல்வது, சண்டையைக் கண்டவர்களின் சாட்சியம் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கத்தியைக் குத்தோடு இணைக்கவேண்டும். 27ஆம் பிரிவை மட்டும் நம்பி மேல் நீதிமன்றத்துக்குப் போனால் வழக்கு நிற்காது.

இன்னொரு பொறி. கத்தி இருக்கும் இடம் முன்பே பொலிசுக்குத் தெரிந்திருந்தால் அது கண்டுபிடிப்பே ஆகாது. காலையில் கொழுந்தெடுக்கப் போன பெண் பார்த்து வந்து சொல்லியிருக்க, பின்னேரம் சந்தேகநபரைக் கூட்டிப்போய் "காட்டவைத்தால்" அது வெறும் நாடகம். இரண்டு பேரைப் பிடித்து, இருவரும் ஒரே இடத்தைச் சொன்னார்கள் என்று ஒரே வரியில் எழுதுவதும் ஆபத்து. யார் முதலில் சொன்னார், எத்தனை மணிக்கு, எந்தச் சொற்களில் என்று தனித்தனியாக இருக்கவேண்டும்.

சரி, எப்படி எழுதுவது? இது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவுக்குரிய வேலை. வாக்குமூலத்தை முழுமையாக, சொன்ன வடிவிலேயே எழுதவேண்டும். தெளிவுக்காக நீங்கள் கேட்ட கேள்வியும் அதற்கு வந்த பதிலும்கூட அதில் இருக்கவேண்டும். எது செல்லும், எது செல்லாது என்று பார்த்து நீங்களே வெட்டாதீர்கள். "நான்தான் குத்துனேன்" என்பதையும் எழுதுங்கள். வெட்டுவது பின்னால் அரச தரப்புச் சட்டத்தரணியும் நீதிபதியும் பார்க்கும் வேலை. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டி, திருத்தவோ சேர்க்கவோ ஏதும் உண்டா என்று கேட்டு, கடைசி வரிக்கு நேர் கீழே, இடைவெளி விடாமல் கையெழுத்து வாங்கவேண்டும். தமிழ்நாட்டு யூடியூப் விரிவுரைகளைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் இங்கே கவனம். அங்கே பொலிஸ் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடக்கூடாது என்பது விதி. நம் விதி அதற்கு நேரெதிர். பிரிவு எண்களும் அங்கே 2024 ஜூலை முதல் மாறிவிட்டன, நமக்கு மாறவில்லை.

மலைநாட்டில் 27ஆம் பிரிவு தடுக்கி விழுவது அதிகமும் மொழியில்தான் என்பது என் எண்ணம். சந்தேகநபர் தோட்டத்துத் தமிழில் சொல்கிறார். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் கேட்டுச் சிங்களத்தில் சொல்ல, எழுதுபவர் "சந்தேகநபர் கத்தியை மறைத்துவைத்த இடத்தைக் காட்டச் சம்மதித்தார்" என்று சிங்களத்தில் ஒரு வரி போட்டு முடிக்கிறார். அது அவருடைய சொல் அல்ல, உத்தியோகத்தரின் சுருக்கம். நீதிமன்றத்துக்கு வேண்டியது தகவல், சுருக்கம் அல்ல. அதோடு, தமிழ் புரியாத உத்தியோகத்தர் கூண்டில் ஏறி, சந்தேகநபர் என்ன சொன்னார் என்று எப்படிச் சாட்சி சொல்வார்? வாய்மொழிச் சான்று நேரடியாகக் கேட்டவரிடமிருந்து வரவேண்டும் என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. மொழிபெயர்த்தவரின் பெயரும் இலக்கமும் குறிப்பில் இல்லாவிட்டால், அவரைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்கவும் மறந்துபோகும்.

உங்களுக்குத் தமிழ் எழுதத் தெரியும், அதனால் தமிழிலேயே எழுதுங்கள். "கானுக்குள்ள" என்றால் "கானுக்குள்ள", அதை "வடிகாலில்" என்று அழகுபடுத்தவேண்டாம்.

கத்தியை எடுக்கும் முன் கிடந்த நிலையில் படம் எடுங்கள். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், யார் முன்னால் நடந்தது, எந்த இடத்தில் நின்று கை காட்டினார், கான் நிலத்தில் எவ்வளவு ஆழம், இலை பச்சையா காய்ந்ததா எல்லாம் அங்கேயே குறிப்பில் ஏறட்டும். மழை பெய்திருந்தால் அதையும் எழுதுங்கள். கத்தியில் இரத்தம் இல்லை என்று பகுப்பாய்வாளர் சொன்னால், ஏன் என்ற கேள்விக்கு அந்த ஒரு வரி உதவும். ஈரக் கத்தியைப் பொலித்தீனில் சுற்றினால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றில் உலரவிட்டுக் காகித உறையில் போட்டு முத்திரையிடுங்கள்.

கைவைத்து வாங்கிய தகவலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி சித்திரவதைக்கு ஏழு முதல் பத்து வருடம் வரை சிறை. அந்த வழக்கில் எதிரிக் கூண்டில் நிற்பது நீங்களாக இருக்கும்.

உங்கள் சந்தேகநபர் உண்மையாகவே முழுவதையும் ஒப்புக்கொள்ள விரும்பினால், நீதவானிடம் சொல்ல வழி இருக்கிறது. அது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 127ஆம் பிரிவு. தன் விருப்பப்படிதான் பேசுகிறாரா என்று நீதவான் கேள்வி கேட்டுத் திருப்திப்பட்ட பிறகே பதிவுசெய்வார். அங்கே "நான்தான் குத்துனேன்" என்று சொன்னால், அந்தச் சொல் உள்ளே போகும்.