உள்ளாடை: எங்கே அழுத்துகிறது, ஏன் அழுத்துகிறது?

எப்போதும் 36பி பிராதான் வாங்குகிறேன். மத்தியானத்துக்குள் முதுகுப் பட்டை மேலே ஏறிவிடுகிறது. தோளில் பள்ளம் விழுகிற அளவுக்கு வார் அழுத்துகிறது. 38 வாங்கிப் பாருங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
*பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்*

வாங்காதீர்கள், இன்னும் மோசமாகும். பட்டை மேலே ஏறுகிறது என்றால் அது தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். மார்பின் எடையைத் தாங்க வேண்டியது விலாவைச் சுற்றி வரும் பட்டைதான். வாருடைய வேலை கப்பை உடம்போடு ஒட்டி நிறுத்துவது மட்டும். பட்டை தளர்ந்தால் எடையெல்லாம் வாருக்கு வந்து சேரும். நீங்கள் வாரை இறுக்குவீர்கள், அது பின்பக்கத்தை இன்னும் மேலே இழுக்கும். தோளில் விழும் பள்ளம் இப்படி வந்ததுதான்.

வீட்டில் தையல் டேப் இருந்தால் போதும். மூச்சை வெளியே விட்டு, மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி டேப்பை இறுக்கிப் பிடித்து அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். முதுகுப் பக்கம் டேப் இறங்கிவிடாமல் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை எண் வந்தால் அதற்கு அடுத்த இரட்டைப்படை எண்தான் பட்டை அளவு. பிறகு, பஞ்சு வைக்காத மெல்லிய பிரா போட்டபடி மார்பின் எடுப்பான இடத்தைச் சுற்றி, இறுக்காமல் அளக்க வேண்டும். பட்டை அளவுக்கும் இந்த மேலளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப். 1 அங்குலம் என்றால் ஏ, 2 என்றால் பி, 3 சி, 4 டி.

உங்கள் கீழளவு 32, மேலளவு 36 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேண்டியது 32டி. மேலளவான 36-ஐ அப்படியே பட்டை அளவு என்று எடுத்துக்கொள்வதுதான் நம் ஊரில் பரவலாக நடக்கிற தப்பு. 36பி, 34சி, 32டி மூன்றுக்கும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றே. இத்தனை நாள் கப் சரியாக இருந்தும் பட்டை மட்டும் தொல்லை கொடுத்தது இதனால்தான். ‘டி’ என்றதும் மிரள வேண்டாம். பட்டை எண்ணோடு சேர்த்துப் படிக்காவிட்டால் அந்த எழுத்துக்கு அர்த்தமே இல்லை.

36-லிருந்து ஒரேயடியாக 32-க்கு இறங்கினால் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். முதலில் 34சி போட்டுப் பாருங்கள். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில், மாட்டும்போதே பட்டை கச்சிதமாக உட்கார வேண்டும். மற்ற வரிசைகள் எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே நகர்த்துவதற்கு. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், முழுக் கையும் நுழையக் கூடாது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். பட்டை இடம் மாறாமல் நின்றால் சரி. கப்பின் மேல் விளிம்பில் மார்பு பிதுங்கினால் ஒரு கப் கூட்ட வேண்டும், துணி சுருங்கி நின்றால் ஒன்று குறைக்க வேண்டும். கம்பி வைத்ததாக இருந்தால், கம்பி மார்பைச் சுற்றி விலாவில் உட்கார வேண்டும், மார்பின் மேல் ஏறி நிற்கக் கூடாது.

சில கம்பெனிகள் கீழளவோடு சில அங்குலம் கூட்டித்தான் பட்டை எண் போடுகின்றன. அதனால் ஒவ்வொரு கம்பெனியின் அளவு அட்டவணையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கவுன்டரில் நின்று உடம்பளவைப் பேசக் கூச்சமாக இருந்தால், இரண்டு அளவையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பார்வையாலேயே அளவு சொல்லும் விற்பனையாளரை மட்டும் நம்ப வேண்டாம்.

டெலிவரி வேலை, நாள் முழுக்க பைக்கில். தொடை இடுக்கில் அரிப்பும் எரிச்சலும். காட்டன் ஜட்டிதான் போடுகிறேன். அப்புறமும் ஏன்?
*வாசகர், ஈரோடு*

காட்டன் வியர்வையை நன்றாகக் குடிக்கும், ஆனால் சீக்கிரம் காயாது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அதைவிட நல்ல துணி இல்லை. சித்திரை வெயிலில் சீட்டில் எட்டு மணி நேரம் உட்காருபவருக்கோ, ஈரத் துணியைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருப்பதுபோல ஆகிவிடும். உங்களுக்கு ஜட்டியைவிட, தொடையில் நாலைந்து அங்குலம் இறங்கும் டிரங்க் மாடல் ஏற்றது. தோலும் தோலும் உரசாமல் துணி நடுவில் நிற்கும். மோடல் (மரக்கூழ் இழையில் நெய்யும் மென்மையான துணி) வகையோ, வியர்வையைக் கடத்தி வேகமாகக் காயும் விளையாட்டு உடைத் துணியோ பாருங்கள். இழுபடுவதற்கு 5 சதவீதம் எலாஸ்டேன் கலந்திருந்தால் போதும். வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பி விரலால் தடவுங்கள். சீட்டில் அழுந்தும் இடத்தில் தடித்த தையல் இருந்தால் வேண்டாம். மதியம் மாற்ற இன்னொன்றைப் பையில் வைத்துக்கொள்வதுதான் இதில் மிகவும் பலன் தரும் யோசனை.

ஆனால் உங்களுடையது வெறும் உராய்வுதானா என்று பாருங்கள். பொதுவாகச் சிவந்து எரிந்தால் உராய்வு. ஓரம் வட்டமாகத் தடித்து, நடுவில் தெளிந்து, வெளியே பரவிக்கொண்டே போனால் படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று. அதற்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் பல கலவைக் களிம்புகளில் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடியில் பரவும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும். தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் காலையில் சாக்ஸை முதலில் மாட்டிவிட்டு அப்புறம் ஜட்டி போடுங்கள். இல்லாவிட்டால் காலில் உள்ள பூஞ்சையை ஜட்டியே மேலே ஏற்றிவிடும். துண்டு தனியாக இருக்கட்டும். உள்ளாடையை 60 டிகிரி சூட்டில் துவைப்பது நல்லது.

என் பேன்ட் 34. ஜட்டிப் பெட்டியில் 85, 90 என்று இருக்கிறதே?
*வாசகர், தஞ்சாவூர்*

அது சென்டிமீட்டர். 34 அங்குலம் 86 சென்டிமீட்டர். ஆனால் பேன்ட் எண்ணை நம்பாதீர்கள், 34 என்று எழுதியிருக்கும் பேன்ட்டின் இடுப்பு 36 வரை இருப்பதுண்டு. டேப்பால் இடுப்பை அளங்கள். பெரும்பாலும் ஆண்கள் ஜட்டிக்கு இடுப்பளவு, பனியனுக்கு மார்பளவு, பெண்கள் ஜட்டிக்குப் புட்டத்தின் சுற்றளவு. எது என்று பெட்டியின் பின்பக்கம் படம் போட்டிருக்கும். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள்.

குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். இறுக்கமான ஜட்டி போட்டால் விந்தணு குறையும் என்பது உண்மையா?
*வாசகி, கோயம்புத்தூர்*

ஓரளவு உண்மை. விரைகள் உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு உற்பத்தி ஒழுங்காக நடக்கும். இறுக்கமான ஜட்டி அவற்றை உடம்போடு ஒட்டவைத்துச் சூடேற்றும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் கருத்தரிப்பு மையம் ஒன்றுக்கு வந்த 656 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. தளர்வான பாக்ஸர் அணிந்தவர்களுக்கு விந்தணு அடர்த்தி 25 சதவீதம் அதிகம் இருந்தது. அதே சமயம், இறுக்கமாக அணிந்தவர்களின் எண்ணிக்கையும் சராசரியாக இயல்பான எல்லைக்குள்தான் இருந்தது. ஆக, ஜட்டி மட்டும் காரணமாக இருப்பது அரிது. தளர்வானதற்கு மாறுவதில் செலவும் இல்லை, நஷ்டமும் இல்லை, மாற்றிவிடுங்கள். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று மாதத்துக்குப் பிறகுதான் பரிசோதனையில் வித்தியாசம் தெரியும். ஒரு வருடம் முயன்றும் பலனில்லை என்றால், உங்களுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் மருத்துவரைப் பாருங்கள்.

என் மகளின் கறுப்பு ஜட்டிகளில் கவட்டுப் பகுதி மட்டும் வெளிறி ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது. ஏதாவது நோயா?
*ஒரு தாய், நாகர்கோவில்*

நோய் இல்லை. பிறப்புறுப்பின் இயல்பான கசிவு அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.ஹெச். 3.8 முதல் 4.5 வரை. அந்த அமிலம் சாயத்தை வெளுக்கிறது, அவ்வளவுதான். தயிர் திரிந்ததுபோல் வெள்ளைப்பட்டாலோ, பச்சை, சாம்பல் நிறத்தில் வந்தாலோ, நாற்றமோ அரிப்போ இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வாசனைத் திரவம் ஊற்றி உள்ளே கழுவுவது வேண்டவே வேண்டாம், காவலுக்கு இருக்கும் நல்ல கிருமிகளும் அதோடு போய்விடும். ஜட்டி எந்தத் துணியாக இருந்தாலும் கவட்டில் இரண்டாவது அடுக்காகக் காட்டன் தைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அம்மாவுக்கு 68 வயது. பாவாடை நாடா கட்டும் இடத்தில் இடுப்பைச் சுற்றிக் கறுத்து, ஒரு பக்கம் புண்ணாகி ஆறவே இல்லை.
*வாசகி, விருதுநகர்*

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். புடவையின் எடை முழுவதையும் மெல்லிய நாடா ஒரே இடத்தில் தாங்குகிறது. அதற்கு அடியில் வியர்வை, மேலே இறுக்கம். வருடக்கணக்கில் தோல் கறுத்துத் தடித்து, வெடித்துப் புண்ணாகும். அப்படி ஆறாமல் கிடக்கும் புண் அபூர்வமாகப் புற்றாக மாறுவதுண்டு. வேட்டியை இறுக்கிக் கட்டிய ஆண்களிடமும் இது வந்ததை இந்திய மருத்துவர்கள் 1940-களிலேயே பதிவுசெய்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் என்றால் தோல் மருத்துவரிடமோ அறுவை மருத்துவரிடமோ காட்டுங்கள். தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை செய்வார்கள்.

நாடாவை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று அங்குல அகலப் பட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கட்டும் இடத்தைத் தினமும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே மாற்றட்டும். வீட்டில் இருக்கும்போது நைட்டி போதும். புண் ஆறும்வரை இடுப்பில் எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது.

உள்ளாடையை வெளியே காயப்போடக் கூச்சமாக இருக்கிறது. குளியலறையிலேயே காயப்போட்டால் என்ன?
*வாசகி, வேலூர்*

ஈரம் முழுக்கப் போகாது, அந்த ஈரத்தில்தான் பூஞ்சை வளரும். கூச்சத்துக்காகப் புடவைக்கு அடியில் மறைத்துப் போட்டாலும் அதே கதைதான். காற்றும் வெயிலும் படும் ஜன்னலோரம் ஒரு கொடி கட்டுங்கள். ஜட்டியை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடுங்கள். பிராவை மட்டும் கடும் வெயிலில் மணிக்கணக்கில் விட வேண்டாம், எலாஸ்டிக் வீணாகும். அதை வாரில் தொங்கவிடாமல் நடுவில் மடித்துப் போடுங்கள். குளோரின் பிளீச் எதற்கும் வேண்டாம், லைக்ராவை அரித்துவிடும்.