பிப் இல்லாமல் மாரத்தான் ஓடினேன், போலீஸில் புகார் கொடுப்போம் என்கிறார்கள்

கேள்வி: சென்னையில் சமீபத்தில் நடந்த ஒரு அரை மாரத்தானில் பதிவு செய்யாமல், பதிவு செய்தவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் பிப் என்ற எண் அட்டை இல்லாமல் ஓடிவிட்டேன். பதிவு முடிந்துபோயிருந்தது, கட்டணமும் 1,500 ரூபாய். இரண்டாவது கிலோமீட்டரில் கூட்டத்தோடு சேர்ந்து கடைசிவரை ஓடினேன். வழியில் தண்ணீர், வாழைப்பழம் எல்லாம் வாங்கிக்கொண்டேன். முடிவில் ஒரு தன்னார்வலர் மெடலும் கொடுத்தார். அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டதும் யாரோ அமைப்பாளர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். 'திருட்டு, மோசடி என்று போலீஸில் புகார் கொடுப்போம், இனி எங்கள் போட்டிகளில் உங்களுக்கு இடமில்லை' என்று மெயில் வந்திருக்கிறது. ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் என் படத்தின் மேல் 'திருடன்' என்று எழுதிப் பரப்புகிறார்கள். ரோடு எல்லாருக்கும் பொதுதானே? அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் பெண்கள் பதிவில்லாமல் ஓடித்தானே உரிமை வாங்கினார்கள்? இன்னொன்று, அடுத்த மாதம் நடக்கும் ஒரு போட்டிக்கு, காலில் அடிபட்ட நண்பன் தன் பிப்பைத் தருகிறேன் என்கிறான். வாங்கி ஓடலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். நண்பனின் பிப்பை வாங்கி ஓடாதீர்கள். பிப்பே இல்லாமல் ஓடியதைவிட அது பெரிய தப்பு, சட்டத்தின் கண்ணிலும் சரி, உங்கள் உயிர் விஷயத்திலும் சரி. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இப்போது ரோட்டுக்கு வருவோம். ரோடு பொது என்று நீங்கள் சொல்வது பாதி சரி. அரசியல் சாசனத்தின் 19(1)(டி) நாடு முழுக்கத் தடையில்லாமல் நடமாடும் உரிமையைத் தருகிறது, அதே சட்டக்கூறின் ஐந்தாவது உட்பிரிவு பொதுமக்கள் நலனுக்காக அதில் நியாயமான கட்டுப்பாடு வைக்கலாம் என்றும் சொல்கிறது. போலீஸும் மாநகராட்சியும் அமைப்பாளர்களுக்கு அனுமதி கொடுத்து, சில மணி நேரம் வண்டிகளைத் திருப்பிவிடுகிறார்கள். அதனால் மெரினா கடற்கரைச் சாலை அமைப்பாளர்களின் சொத்தாகிவிடாது. ஆகவே நீங்கள் ஓடியது மட்டும் அத்துமீறல் குற்றம் ஆகாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவின்படி பார்த்தால், அடுத்தவர் வசம் உள்ள சொத்தில் நுழைய வேண்டும், அதுவும் குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை தரவோ எண்ணி நுழைய வேண்டும். அப்படி எதுவும் இங்கே நடக்கவில்லை. முடிவிடம் ஒரு ஸ்டேடியத்துக்குள்ளோ தனியார் மைதானத்துக்குள்ளோ இருந்தால் கதை கொஞ்சம் மாறும், அங்கே 'வெளியே போ' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு.

தன்னார்வலர் உங்களை ஓரமாகப் போகச் சொல்லலாம், கையைப் பிடித்து இழுக்கவோ தள்ளவோ முடியாது. பணியில் இருக்கும் போலீஸ்காரர் சொன்னால் நிலைமை வேறு. அதிகாரபூர்வமான உத்தரவு ஒன்று அமலில் இருந்து, அது தெரிந்தே மீறினால் 223-வது பிரிவு வரும். ஆனால் அந்தப் பிரிவில் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள, உத்தரவு போட்ட அரசு ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்ய வேண்டும். போட்டி நடத்துகிறவர்கள் அதைச் செய்ய முடியாது. உங்களை யாரும் தடுக்கவே இல்லை என்பதால் இதை இத்தோடு விட்டுவிடலாம்.

தண்ணீரும் வாழைப்பழமும் திருட்டா? யாரோ நீட்டினார்கள், நீங்கள் வாங்கினீர்கள். பதிவு செய்தவர் என்று நம்பித்தானே கொடுத்தார்கள், அந்தச் சம்மதம் செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதாடலாம்தான். ஆனாலும் சாதாரண அறிவுள்ள யாரும் புகார் சொல்லாத அளவு சின்னத் தீங்கு குற்றம் ஆகாது என்று 33-வது பிரிவு சொல்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 95 என்று இருந்தது இதுதான். இரண்டு கப் தண்ணீருக்காக எந்த மாஜிஸ்திரேட்டும் உங்களைக் கூண்டில் ஏற்றுவார் என்று நான் நினைக்கவில்லை.

மெடல்தான் உங்கள் வழக்கில் பலவீனமான இடம். மோசடி பற்றிய 318-வது பிரிவு, ஏமாற்றி ஒரு பொருளைக் கொடுக்க வைப்பதைப் பற்றிப் பேசுகிறது, நேர்மையில்லாமல் ஒரு உண்மையை மறைப்பதும் ஏமாற்றுவதுதான் என்று அதன் விளக்கமே சொல்கிறது. 'நான் பொய் சொல்லவில்லை, அவராகக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்' என்பது ஒரு பதில்தான், முழுப் பதில் அல்ல. பதிவு செய்து போட்டியை முடித்தவர்களுக்கு மட்டும் உரிய பொருள் அது என்று தெரிந்தே வாங்கினீர்கள். அவர்கள் மெயிலில் சொல்லும் திருட்டுப் பிரிவையே எடுத்துக்கொண்டாலும், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல்முறை தண்டனை, பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை என்று 303(2) சொல்கிறது. இவ்வளவு தூரம் போகும் என்று சொல்லவில்லை. மெடலைத் திருப்பிக் கொடுப்பது ஏன் நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, பாஸ்டன். பாபி கிப் 1966-இல் பதிவு கேட்டு எழுதினார், பெண்ணால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று மறுத்துவிட்டார்கள். ஆரம்ப இடத்துக்குப் பக்கத்தில் புதருக்குள் ஒளிந்திருந்து கூட்டத்தில் சேர்ந்து ஓடி முடித்தார். அடுத்த வருடம் கேத்ரின் சுவிட்சர் 'கே. வி. சுவிட்சர்' என்ற பெயரில் முறையாகப் பதிவு செய்து 261 என்ற எண்ணோடு ஓடினார், அதிகாரி ஒருவர் நடுவழியில் பாய்ந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். பெண்களுக்கு 1972-இல்தான் கதவு திறந்தது, கிப்பின் மூன்று ஓட்டங்களை 1996-இல்தான் வெற்றிகளாக ஏற்றார்கள். அந்தப் பெண்களுக்கு உள்ளே வர வேறு வழியே இல்லை. உங்களுக்கு இருந்தது, பதிவு முடிவதற்குள் பெயரைக் கொடுத்திருக்கலாம். கட்டணம் அதிகம் என்பது நியாயமான குறைதான், நானும் அதை ஒப்புக்கொள்கிறேன், மாணவர்களுக்கும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் சலுகை வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் கேட்கத்தான் வேண்டும். அதற்காகப் பாபி கிப்பைத் துணைக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் நியாயம் அல்ல.

சட்டம் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். எத்தனை பேர் பதிவு செய்கிறார்களோ அதை வைத்துத்தான் தண்ணீர் கேன், பழம், ஆம்புலன்ஸ், பிசியோ, கழிப்பறை எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறார்கள். பிப் இல்லாமல் நூறு பேர் நுழைந்தால் அந்தப் பற்றாக்குறை முன்னால் ஓடுகிறவர்களுக்குத் தெரியாது. கடைசியில், வெயில் ஏறின பிறகு, மெதுவாக வருகிறவர்கள்தான் காலி மேஜையைப் பார்ப்பார்கள். சென்னையில் எட்டு மணிக்கே வெயிலும் புழுக்கமும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அறுபது வயதில் முதல் அரை மாரத்தான் ஓடும் ஒரு அம்மா, பணம் கட்டி, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து வந்து, பதினெட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் இல்லாமல் நிற்பதற்கு நீங்கள் குடித்த அந்த இரண்டு கப்பும் ஒரு பங்கு காரணம். 33-வது பிரிவு உங்களை மன்னிக்கும், அந்த அம்மா ஏன் மன்னிக்க வேண்டும்?

இனி நண்பனின் பிப். பிப் என்றால் வெறும் எண் அல்ல. அதோடு வரும் சிப் உங்கள் நேரத்தைப் பதிவு செய்கிறது, பல போட்டிகளில் பின்பக்கத்தில் ரத்த வகையும் அவசரத் தொடர்பு எண்ணும் எழுத இடம் இருக்கும், பதிவில் வயது, பாலினம், உடல்நிலை உறுதிமொழி எல்லாம் இருக்கும். நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு உங்கள் நண்பனுக்குத்தான் சிகிச்சை கொடுக்கும், அவன் மனைவிக்குத்தான் போன் போகும். அவனுக்குச் சர்க்கரை இருந்து உங்களுக்கு இல்லையென்றால், அல்லது உங்களுக்கு ஒரு மருந்து ஒவ்வாது என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சீனாவின் சியாமென் நகரில் 2016 டிசம்பரில் நடந்த அரை மாரத்தானில் இருவர் இறந்தார்கள், அதில் ஒருவர் அடுத்தவரின் பிப்பில் ஓடியவர். குடும்பத்தினர் அமைப்பாளர்கள் மீதும் பிப்பைக் கொடுத்தவர் மீதும் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள், விசாரணை நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அந்த நாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பிப்பைக் கொடுத்த நண்பரும் வழக்கில் இழுக்கப்பட்டார் என்பதைக் கவனியுங்கள். இங்கேயும் காப்பீடு எடுத்திருந்தால் அது பதிவு செய்தவர் பெயரில்தான் இருக்கும், உங்கள் குடும்பம் கேட்டால் முதல் கேள்வியே 'இவர் யார்' என்பதாகத்தான் இருக்கும்.

குற்றவியல் பக்கமும் இப்போது கனக்கிறது. பிப் இல்லாமல் ஓடியபோது நீங்கள் யாராகவும் நடிக்கவில்லை. அடுத்தவர் பிப்பில் ஓடினால் அவராக நடிக்கிறீர்கள். 319-வது பிரிவில் ஆள்மாறாட்ட மோசடிக்கு ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு. சும்மா ஓடி முடித்ததற்கு யாரும் இதைக் கிளப்ப மாட்டார்கள். நண்பனின் வயதுப் பிரிவில் நீங்கள் மூன்றாவது வந்து பரிசுப்பணமோ கூப்பனோ வாங்கினால் கிளப்புவார்கள், அப்போது நான்காவதாக வந்தவர் உங்களை விடவே மாட்டார். பிப்பை நகல் எடுத்து அச்சடிக்கும் யோசனை யாருக்காவது இருந்தால், அது பொய் ஆவணம் தயாரிப்பது என்ற எல்லைக்குள் போய்விடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. மெயிலுக்கு இன்றே பதில் போடுங்கள், சின்னதாக. பதிவு செய்யாமல் பாதையில் ஓடினேன், அது சரியல்ல என்று உணர்கிறேன், மெடலைத் திருப்பி அனுப்புகிறேன், பதிவுக் கட்டணத்தைக் கட்டத் தயார், கணக்கு எண்ணைத் தாருங்கள். இவ்வளவு போதும். 'திருடினேன்', 'ஏமாற்றினேன்' என்ற சொற்களை எழுதாதீர்கள், அவை சட்டத்தில் தனி அர்த்தம் உள்ள சொற்கள், பின்னால் உங்களுக்கு எதிராகவே வரும். மெடலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டுவது பெருந்தன்மை மட்டும் அல்ல. இலவசமாகக் கொடுக்கும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 70-வது பிரிவு சொல்கிறது. அந்த 1,500 ரூபாயை அவர்கள் கேட்டால் எனக்கு நியாயமாகவே படும். அதற்கு மேல் 'அபராதம்' என்று பெரிய தொகை கேட்டால் கட்ட வேண்டியதில்லை, நீங்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

தங்கள் போட்டிகளில் இடமில்லை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, அதை எதிர்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். கொஞ்ச நாள் கழித்து மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் தளர்த்துவார்கள்.

'திருடன்' என்று படம் பரப்புவது வேறு விஷயம். எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்லாதபோது ஒருவரை அப்படி அழைத்துப் பரப்புவது 356-வது பிரிவின்படி அவதூறாகலாம். அந்தக் குழுக்களின் அட்மின்களுக்கு ஒரு செய்தி போட்டு நீக்கச் சொல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட்டைத் தேதி நேரத்தோடு சேமியுங்கள். வக்கீல் நோட்டீஸ் இப்போது வேண்டாம், சமாதானமாகப் போகிற விஷயத்தை அது கெடுத்துவிடும். இன்ஸ்டாகிராமில் உங்கள் படத்தையும் எடுத்துவிடுங்கள்.

ஒருவேளை ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மனுவைப் பெற்றதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது போட்டு இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், தபால் ரசீதையும் மெயில் நகலையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலோடு போங்கள். வழக்கே பதிவானாலும், ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்வது முறையல்ல, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 35(3)-இல் நோட்டீஸ் கொடுத்து அழைப்பதுதான் வழி. நோட்டீஸ் வந்தால் மட்டும் சொன்ன நாளில் கட்டாயம் ஆஜராகுங்கள்.

நண்பனிடம் இன்றே பேசுங்கள். பெயர் மாற்றத்துக்கோ அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடவோ அந்தப் போட்டியில் வழி இருக்கிறதா என்று அவனே அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேட்கட்டும், சில போட்டிகளில் குறிப்பிட்ட தேதி வரை அனுமதிக்கிறார்கள். சரி என்றால் உங்கள் பெயர், உங்கள் ரத்த வகை, உங்கள் வீட்டு எண்ணோடு வரும் பிப்பில் ஓடுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு பாதை ஓரம் நின்று, கடைசியில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலைக்குப் பெயர் கொடுங்கள், தன்னார்வலர் வேலைக்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.