நூடில்ஸ் சாப்பிட்ட வயிறும் பயற்றங்கறியும்

கேள்வி: மகளுக்கு 14 வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நூடில்ஸ், பிஸ்கட், ஐஸ்கிறீம்தான் கேட்கிறாள். வயிறு ஊதுகிறது, மலமும் மூன்று நாளைக்கு ஒருக்கால்தான். பக்கற்றில் இருக்கும் ‘ஈ’ இலக்கச் சாமான்கள் குடலின் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும் என்கிறார்கள். பார்மசியில் நல்ல கிருமிகளுக்குத் தீனியாகும் ப்ரீபயோட்டிக் பவுடர் வாங்கிக் கொடுக்கட்டுமா?
- ஒரு தாய், முள்ளியவளை

பதில்: பவுடருக்குப் போகும் காசை மிச்சம் பிடியுங்கள் அம்மா.

ஈ இலக்கம் என்பது சாப்பாட்டில் சேர்க்கும் சாமான்களுக்கான குறியீடு. எல்லாமே நஞ்சில்லை. ஈ300 என்பது விற்றமின் சி. ஈ440 பழங்களில் இருக்கும் பெக்டின். நல்ல கிருமிகளுக்கு அது தீனியும்கூட. கவனிக்க வேண்டியவை ஐஸ்கிறீம் போன்றவற்றில் கலவை பிரியாமல் இருக்கச் சேர்க்கும் ஈ466, ஈ433. பெருங்குடலின் உட்சுவரில் வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று இருக்கிறது. கிருமிகளைச் சுவருக்குக் கிட்ட விடாமல் தடுப்பது அதுதான். இந்த இரண்டையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த 2015 ஆய்வில் கிருமிகள் படலத்துக்குள் புகுந்தன, மெல்லிய அழற்சியும் வந்தது. 2022 இல் வெளிவந்த ஆய்வில் சுகதேகிகள் சிலருக்கு ஈ466 நாளுக்கு 15 கிராம் வீதம் 11 நாள் கொடுத்தார்கள். கிருமி வகைகள் குறைந்தன. ஆனால் 15 கிராம் பெரிய அளவு. வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குப் போய் ஒரு ஐஸ்கிறீம் குடித்ததற்காகப் பிள்ளையைப் பேசாதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. பின்னேரம் நூடில்ஸ் சாப்பிட்ட பிள்ளை இரவில் பயற்றங்கறியைத் தொடாது. பயறு போன்றவற்றில் இருக்கும் நார் கிடைத்தால் குடற் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தரும். பெருங்குடற் கலங்களுக்கு அதுதான் முக்கிய சாப்பாடு. கிடைக்காவிட்டால் அந்தச் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கும் என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

அந்தப் பவுடர்களில் பலவற்றில் இருப்பது இனுலின் என்ற நார். வெங்காயத்திலும் உள்ளியிலும் அதேதான். பயறு, கௌபி, கடலையில் அதே வேலையைச் செய்யும் வேறு நார். வாழைக்காயிலும் ஆறிய சோற்றிலும் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் மாச்சத்து உண்டு. அதனால் சிவப்பரிசிப் பழஞ்சோற்றில் சின்ன வெங்காயமும் மோரும் விட்டுப் பிசைந்து கொடுங்கள். சோறு ஆறியதும் உடனே தண்ணீர் ஊற்றி மூட வேண்டும். நம்முடைய வெக்கையில் மணம் மாறியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சரி, ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு இன்னும் ஊதும், பிறகு மகள் பயற்றைக் கண்டாலே ஓடுவாள். முதல் கிழமை இரண்டு மேசைக்கரண்டி அவித்த பயறு போதும். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவியுங்கள். தண்ணீரும் நன்றாகக் குடிக்க வேண்டும். அப்புறம், பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போக விருப்பமில்லாமல் அடக்குகிறாளா என்று மெல்லக் கேளுங்கள். இந்த வயதில் பல மலச்சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

வீட்டில் சிறுநீரக வருத்தக்காரர் இருந்தால் (வவுனியாப் பக்கம் இது குறைவில்லை) அவருக்கும் சேர்த்துக் கூட்ட வேண்டாம். பயற்றிலும் வாழைக்காயிலும் பொட்டாசியம் கூட. கிளினிக்கில் கேட்டே கொடுங்கள்.

மகளுக்கு மலத்தில் இரத்தம் போனாலோ, நிறை குறைந்தாலோ, வலியால் இரவில் நித்திரை குழம்பினாலோ சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.