எல்லாரும் மீட்கப்படுவார்களா? தீமை என்ன ஆகும்? – கேள்வி பதில்

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: ஐயா, எங்கள் லுத்தரன் சபை வேதபாடத்தில் ஒருவர், "கடைசியில் நரகம் காலியாகிவிடும்" என்றார். அப்படிப் போதிக்க இடம் உண்டா?

இல்லை. உங்கள் சபை ஏற்கும் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை (1530) 17-ஆம் பிரிவில், ஆக்கினை (தண்டனைத் தீர்ப்பு) அடைந்த மனிதருக்கும் பிசாசுகளுக்கும் வேதனை ஒருநாள் முடியும் என்கிற போதனையை நேரடியாகவே கண்டிக்கிறது. ஆனாலும் அவர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டு மறுங்கள். 'எல்லாரும் மீட்கப்படுவர்' என்ற பழைய ஆசிரியர்கள் நரகமே இல்லை என்று சொல்லவில்லை. 3-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் ஓரிகன் நெருப்பு உண்டு என்றார். அது சுத்திகரிக்கும், சுத்திகரித்ததும் முடியும் என்றார். நரகம் இல்லை என்பதையும் நரகம் முடியும் என்பதையும் குழப்பினால் விவாதம் அங்கேயே கெட்டுவிடும்.

பட்டர்வொர்த் இளைஞர்: அப்படியென்றால் சாத்தானும் மீட்கப்படுவானா அண்ணே?

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும், தம்பி. தீமை வேறு, தீமை செய்பவர் வேறு. 4-ஆம் நூற்றாண்டின் நீசா நகர் ஆயர் கிரகோரி சொல்வது இது: தீமைக்குத் தனக்கென்று இருப்பு கிடையாது. சித்தம் நன்மையை விட்டு விலகும்போது உண்டாகும் குறைதான் அது. எல்லாச் சித்தமும் கடவுளிடம் திரும்பினால் தீமை தங்க இடமில்லாமல் ஒழியும், படைப்பு மிஞ்சும். சேறு கெட்டியாக அப்பிய கயிற்றை ஒரு சிறு துளை வழியே இழுப்பதை அவர் உவமையாகச் சொல்கிறார். இழுப்பவர் நோக்கம் கயிறு; உரசலும் வலியும் சேற்றால் வருபவை. சேறு எவ்வளவோ, வேதனையும் அவ்வளவு. சாத்தானுக்கும் இதில் பலன் உண்டு என்று அவர் எழுதினார். ஓரிகனோ, தான் அப்படிச் சொல்லவில்லை என்று கடிதம் எழுதி மறுத்தார். பிசாசு என்றென்றும் வாதிக்கப்படுவான் என்கிற வெளிப்படுத்தல் 20:10 இருக்கும்வரை கிரகோரியின் பக்கம் நிற்பது கடினம். இன்னொன்று: 553-இல் ஆயர்கள் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் ஓரிகனைப் பெயர் சொல்லிக் கண்டித்தது. கிரகோரியைத் தொடவில்லை, அவர் இன்றும் புனிதர்.

செந்தூல் வாசகி: உத்தரிக்கிற ஸ்தலமும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை அக்கா. அது இறந்தபின் சுத்திகரிக்கப்படும் நிலை; கடவுளின் அருளில் இறந்தவர்களுக்கு மட்டும். அவர்கள் விண்ணகம் சேர்வது உறுதியாகிவிட்டது. இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2-இல் கத்தோலிக்கராகிய நாம் ஜெபிப்பது அவர்களுக்காக.

புக்கிட் மெர்தாஜம் வாசகர்: எந்த வசனங்களிலிருந்து தொடங்குவது?

கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவர் என்கிற 1 கொரிந்தியர் 15:22-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுவதுதான் வழக்கமான தவறு. 28 வரை படியுங்கள்; பகைவர் அடக்கப்படுவதும் அங்கேயே வருகிறது. அடுத்து, கடவுள் எல்லாவற்றையும் தம்மோடு ஒப்புரவாக்குவதைச் சொல்லும் கொலோசெயர் 1:20. பிறகு, 'நித்திய ஆக்கினை', 'நித்திய ஜீவன்' இரண்டையும் சொல்லும் மத்தேயு 25:46. ஆக்கினை முடியுமென்றால் அதே வசனத்தில் 'நித்திய' என்கிற அதே சொல்லால் குறிக்கப்படும் ஜீவனும் முடிய வேண்டுமே என்று பழைய ஆயர் அகுஸ்தீன் கேட்டார். இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் யாரும் நகர முடியாது. எல்லாருக்காகவும் நம்பி ஜெபிக்கலாம், எல்லாரும் மீட்கப்படுவர் என்று அறிவிக்கக் கூடாது என்பதே என் முடிவு. அறிவித்தால் மனிதன் மறுக்கும் சுதந்திரம் வெறும் பெயராகிவிடும்.

பூச்சோங் வாசகி (கத்தோலிக்கர்): என் அம்மா இந்துவாகவே இறந்தார். அவருக்கு?

உங்கள் அம்மாவின் மீட்பை நம்ப 'எல்லாரும் மீட்கப்படுவர்' என்கிற கொள்கைக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி வாழ்ந்தவர் மீட்பு அடையக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் போதித்தது. அம்மாவின் பெயரில் பூசைக் கருத்து (அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும் வேண்டுதல்) கொடுக்கலாமா என்று பங்குத் தந்தையிடம் தயங்காமல் கேளுங்கள்.